பெயின்ட் அடிச்ச மெட்டல் ரயில் மாடலுக்கு கேனோபி க்ளூ: சூப்பர் க்ளூ, எபாக்சியோட வச்சுப் பார்த்த ரிவ்யூ

முடிவ முதல்லயே சொல்லிடுறேன். பெயின்ட் அடிச்ச மெட்டல் ரயில் மாடல்ல ஹேண்ட்ரெயில் (கைப்பிடிக் கம்பி), ஏணி, மணி, விசில், மார்க்கர் லைட் இந்த மாதிரி சின்ன பார்ட் ஏதாவது பிச்சுக்கிட்டு விழுந்தா நான் முதல்ல எடுக்குறது கேனோபி க்ளூ பாட்டில் தான், அதுக்கு அடுத்து ஸ்லோ எபாக்சி (ரெண்டு ட்யூப் கலந்து போடுற, மெதுவா இறுகுற பசை), சூப்பர் க்ளூ மூணாவது தான், அதுவும் சில வேலைக்கு மட்டும். பலத்துல பார்த்தா இந்த மூணுல கேனோபி க்ளூ தான் கடைசி, அப்புறம் எப்படிடா இது முதல் இடம்னு தோணும், பலம் பார்த்து மட்டும் பசை வாங்குற வேலை இது இல்ல, அதத்தான் இந்த ரிவ்யூல கொஞ்சம் விரிவா எழுதப்போறேன்.

விஷயம் என்னன்னா, பார்ட்ட வச்சு ஒட்டும்போது பசை போய்த் தொடுறது மெட்டல இல்ல, மேல இருக்குற பெயின்ட்ட. பசை எவ்வளவு கெட்டியா பிடிச்சாலும் அடியில பெயின்ட் மெட்டல எவ்வளவு பிடிச்சிருக்கோ அவ்வளவு தான் மொத்த ஜாயின்ட்டும் தாங்கும். பித்தளை மாடல்ல இது ரொம்ப நல்லா தெரியும், பித்தளை மழமழன்னு இருக்குற மெட்டல், பெயின்ட் மெட்டல்ல பிடிக்கிறதுக்காக முதல்ல அடிக்கிற எட்ச் ப்ரைமர் போடாம நேரா பெயின்ட் அடிச்சிருந்தா பெயின்ட்டுக்கு பெருசா பிடிமானமே கிடையாது, அதுவும் பல வருஷம் ஆன பெயின்ட்னா காஞ்சு பொருபொருன்னு இருக்கும். அது மேல ரொம்ப பலமான பசைய போட்டு ஒரு ஏணிய ஒட்டிட்டீங்கன்னு வச்சுக்கோங்க, அடுத்த தடவ சட்டை கை பட்டு அந்த ஏணி இழுபட்டா பசை விடாது, பெயின்ட் தான் ஒரு சில்லு மாதிரி பேந்துக்கிட்டு வரும், உள்ள பளபளன்னு பித்தளை தெரியும். ஏணிய மறுபடியும் ஒட்டிடலாம், பழசாகி லேசா நிறம் மாறின அந்த பெயின்ட்ட அதே ஷேட்ல கொண்டு வந்து அக்கம்பக்கம் தெரியாம சேர்க்குறது இருக்கே, அது நல்லா கைதேர்ந்தவங்களுக்கே கஷ்டம்.

அதனால என் கணக்கு இது தான்: லோடு இல்லாத பார்ட்டுக்கு பெயின்ட்ட விட முன்னாடி விட்டுக்கொடுக்குற பசை வேணும், லோடு இருக்குற பார்ட்டுக்கு பசைய நம்பவே கூடாது, ஓட்டை போட்டு பின் வைக்கணும். கேனோபி க்ளூ முதல் வகைக்கு, எபாக்சி ரெண்டாவது வகைக்கு.

கேனோபி க்ளூன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு, ரிமோட்ல பறக்குற ஆர்சி ப்ளேன் பண்றவங்க காக்பிட் மேல இருக்குற கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் மூடிய ஒட்டுறதுக்கு வந்த பசை இது, ஃபார்முலா 560ன்னு ஸாப் பிராண்ட்ல வர்றது ரொம்ப பிரபலம், வேற கம்பெனிகளும் இதே மாதிரி பண்றாங்க. பார்க்க சாதா வெள்ளப் பசை மாதிரியே தான் இருக்கும், தண்ணில கலந்த பசை தான், ஆனா காகிதம் மரத்துக்கு போடுற வெள்ளப் பசை மழமழப்பான மெட்டல்ல அப்படியே தோலா உரிஞ்சு வந்துரும், இது பெயின்ட் மேலயும் ப்ளாஸ்டிக் மேலயும் மெட்டல் மேலயும் பிடிக்கிற மாதிரி செஞ்சது. போடும்போது வெள்ளையா இருக்கும், காஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிரும், எப்பவுமே கல்லு மாதிரி இறுகாது, லேசா ரப்பர் மாதிரி வளைஞ்சு குடுக்கும்.

இந்த வளைஞ்சு குடுக்குறது தான் இதோட பெரிய ப்ளஸ். ஹேண்ட்ரெயில்ல கை பட்டா அது கொஞ்சம் அசைஞ்சு திரும்ப அதே இடத்துக்கு வந்துருது, சூப்பர் க்ளூவா இருந்தா அந்த அசைவுல டக்னு விட்டுரும். மெட்டல் மாடல் வெயிட் அதிகம், பெட்டிக்குள்ள வைக்கும்போதும் எடுக்கும்போதும் தூக்க வேற வழியில்லாம ஓரத்தத் தொட்டுத் தான் ஆகணும், அப்ப இந்த மாதிரி சின்ன சின்ன இடி வாங்கிக்கிட்டே தான் இருக்கும்.

ரெண்டாவது ப்ளஸ், பக்கத்துல இருக்குற பெயின்ட்ட ஒண்ணும் செய்யாது. ஆவி வராது, வெள்ளையா பூக்காது, பெயின்ட்ட கரைக்கிற சால்வென்ட் எதுவும் இல்ல. கொஞ்சம் வழிஞ்சிருச்சுன்னா தண்ணில நனைச்சு பிழிஞ்ச பட்ஸ் எடுத்து ஒரு தொடை தொடைச்சா போச்சு. காஞ்சப்புறம் எடுக்கணும்னாலும் ஈரப் பஞ்ச கொஞ்ச நேரம் அது மேல வச்சிருந்தா மறுபடி வெள்ளையா இளகும், அப்புறம் டூத்பிக்ல சுரண்டினா வந்துரும். ஒட்டினது பிடிக்கலன்னா மாத்தலாம், பழைய மாடல்ல இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு அந்த மாதிரி மாடல் வச்சிருக்குறவங்களுக்குத் தெரியும்.

எப்படி போடுறதுன்னு சொல்றேன், நாசில்ல இருந்து நேரா போடவே கூடாது, பாட்டில் வாய் இந்த வேலைக்கு ரொம்ப பெருசு. ஒரு ப்ளாஸ்டிக் மூடி மேல ஒரு சொட்டு விட்டு அதுல இருந்து ஊசியால எடுத்து வைக்கணும். தையல் ஊசியோட காத நுனியில வெட்டி விட்டா ரெண்டு பல்லு இருக்குற குட்டி கவை மாதிரி ஆயிரும், அந்த இடுக்குல ஒரு துளி பசை நிக்கும், எங்க தொட்டா அங்க இறங்கும், ஊசியோட பின் பக்கத்த ஒரு மரக்குச்சில சொருகிட்டா பிடிக்க வசதியா இருக்கும். ரெண்டு பக்கமும் ரொம்ப மெல்லிசா தடவி, வெள்ளை போய் பாதி தெளிய ஆரம்பிச்சு கொஞ்சம் பிசுபிசுன்னு ஆனப்புறம் சேர்த்து அமுக்கினா ஓரளவுக்கு உடனே பிடிச்சுக்கும். ஈரமா இருக்கும்போதே சேர்த்துட்டா பார்ட் வழுக்கிக்கிட்டே இருக்கும், மெட்டலுக்கும் மெட்டலுக்கும் நடுவுல மாட்டின தண்ணி வெளிய போக வழியில்லாம காயவும் ரொம்ப நேரம் ஆகும். ஒரு நாள் முழுசா தொடாம விட்டுடணும், ஓரத்துல எங்கயாவது வெள்ளை தெரிஞ்சா இன்னும் காயலன்னு அர்த்தம், இப்படி கண்ணுலயே தெரியுறது சூப்பர் க்ளூலயும் எபாக்சிலயும் இல்லாத வசதி.

இன்னொண்ணு, மாடல நேரா நிக்க வச்சு பக்கவாட்டுல பார்ட்ட ஒட்ட பாக்காதீங்க. மெத்துன்னு துணியோ ஃபோமோ விரிச்சு மாடல சாய்ச்சு படுக்க வச்சா ஒட்டுற இடம் மேல பார்த்து இருக்கும், பார்ட் தன் வெயிட்லயே உக்காந்துக்கும், கையால பிடிக்க வேண்டியதே இல்ல.

இப்ப குறை. முதல் குறை, தொடர்ந்து இழுத்துக்கிட்டே இருக்குற பார்ட்ட இது பிடிச்சு வைக்காது. ஹேண்ட்ரெயில் கம்பி கொஞ்சம் வளைஞ்சு ஸ்ப்ரிங் மாதிரி நிக்குதுன்னு வைங்க, அத அமுக்கி பிடிச்சு கேனோபி க்ளூவுல ஒட்டினா அன்னிக்கு நல்லா தான் இருக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பசை இழுபட்டு கம்பி பழையபடி வெளிய வந்துரும். அதனால கம்பிய முதல்ல நேரா எடுத்து, பசை இல்லாமயே அந்த இடத்துல சும்மா வச்சா உக்காரணும், அந்த அளவுக்கு வளைச்சு சரி பண்ணிட்டு தான் பசைய தொடணும். எந்த பசைக்கும் இது நல்லது, இந்த பசைக்கு கட்டாயம்.

ரெண்டாவது குறை தண்ணி. தோட்டத்துல வெளிய ஓடுற பெரிய ஜி ஸ்கேல் மாடலுக்கு இது வேண்டவே வேண்டாம், மழை பட்டா இளகிரும். அதே மாதிரி பெயின்ட் போன இரும்புக் கம்பில போட்டா காயுறதுக்குள்ள துரு பிடிக்க வாய்ப்பிருக்கு, பித்தளைக்கு அந்தக் கவலை இல்ல.

மூணாவது, கப்ளர் (பெட்டிகள இணைக்கிற கொக்கி), பஃபர் (முனைல இடிய தாங்குறது), ஏறுற படிக்கட்டு மாதிரி அடி வாங்குற இடத்துக்கு இது போதாது. அங்க தான் எபாக்சி.

எபாக்சிக்கு போறதுக்கு முன்னாடி சூப்பர் க்ளூ பத்தி பேசியே ஆகணும், ஏன்னா எல்லார் வீட்லயும் இருக்குறது அது தான், பார்ட் விழுந்த உடனே கை போறதும் அதுக்குத் தான். சயனோஅக்ரிலேட்ங்குற இந்த பசைய 1942ல ஹாரி கூவர் கோடாக் கம்பெனில வேற ஒரு ஆராய்ச்சி பண்ணும்போது தற்செயலா கண்டுபிடிச்சாரு, அப்ப எத தொட்டாலும் ஒட்டிக்குதுன்னு ஒதுக்கி வச்சிட்டாங்க, 1958ல தான் ஈஸ்ட்மன் 910ன்னு விற்பனைக்கு வந்துச்சு. காத்துல, பொருள் மேல இருக்குற ஈரத்தால தான் இது இறுகுது, ரெண்டு மேற்பரப்பும் நல்லா ஒட்டி உக்கார்ந்து நடுவுல ரொம்ப மெல்லிசா இருந்தா நேரா இழுக்குற இழுவைய பிரமாதமா தாங்கும். ஆனா பக்கவாட்டுல நெம்பினாலோ திடீர்னு தட்டினாலோ விட்டுரும், ஏன்னா இறுகினதும் கண்ணாடி மாதிரி நொறுங்குற குணம். ரயில் மாடல்ல சின்ன பார்ட் எதுக்கும் நேரா இழுக்குற லோடு வர்றதே இல்ல, வர்றது எல்லாம் நெம்புறதும் தட்டுறதும் தான், அதாவது சூப்பர் க்ளூ எதுல வீக்கோ அது மட்டும் தான் இங்க வரும்.

அதுக்கு மேல வெள்ளையா பூக்குற பிரச்சனை. இறுகாத பசை கொஞ்சம் ஆவியா கிளம்பி, காத்து ஈரத்துல இறுகி, பக்கத்துல இருக்குற மேற்பரப்புல வெள்ளப் பொடியா படியும். கறுப்பு ஸ்டீம் எஞ்சின்ல, கரும்பச்சை டீசல்ல இது அப்படியே பளிச்னு தெரியும். கேப் (எஞ்சின் ட்ரைவர் நிக்கிற அறை) உள்ள, மூடின பெட்டி உள்ள ஒட்டிட்டு உடனே மூடிட்டா இன்னும் மோசம், ஆவி வெளிய போக வழியில்லாம ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் பனி பிடிச்ச மாதிரி ஆயிரும், உள்ள இருக்குற எலக்ட்ரிக்கல் கான்டாக்ட்லயும் அது படியலாம். சூப்பர் க்ளூ போட்டே ஆகணும்னா பசை ரொம்ப கம்மியா, திறந்த இடத்துல, லேசா காத்து ஓடுற மாதிரி வச்சு போடணும். லோ ஓடர், லோ ப்ளூம்னு வர்ற வகை இருக்கு, வாசனையும் கம்மி பூக்குறதும் கம்மி, மாடல் வேலைக்கு அத வாங்குறது தான் புத்திசாலித்தனம். சீக்கிரம் இறுகுறதுக்கு அடிக்கிற ஆக்சிலரேட்டர் ஸ்ப்ரேய மட்டும் பெயின்ட் பக்கமே கொண்டு போகாதீங்க, சில பெயின்ட் அதுல மங்கிப்போகும், சிலது வெடிச்சுப்போகும்.

எடுக்குறதும் தலைவலி தான், இறுகின சூப்பர் க்ளூவ கரைக்க நம்ம கிட்ட இருக்குறது அசிட்டோன், அது பெயின்ட்டையும் சேர்த்து கரைச்சிரும். பெயின்ட் அடிச்ச மாடல்ல சூப்பர் க்ளூ போட்டா திரும்பி வர வழி இல்லன்னு வச்சுக்கலாம்.

ஆனா ஒரு வகைய நான் மனசாரப் பாராட்டுவேன், ரப்பர் கலந்த கறுப்பு சூப்பர் க்ளூ, லாக்டைட் 480 மாதிரி. ரப்பர் கலந்திருக்குறதால நெம்புறதையும் அதிர்ச்சியையும் சாதா சூப்பர் க்ளூவ விட நல்லா தாங்குது, பிடிக்க கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், அது நமக்கு நல்லது தான், பார்ட்ட நேரா நகர்த்தி வைக்க நேரம் கிடைக்குது. கறுப்பு கலர்ங்குறதால ஸ்டீம் எஞ்சினோட அடிப்பக்கம், ப்ரேக் ராடு, சக்கரத்துக்கு முன்னாடி மணல் விடுற சாண்ட் பைப் இதுலல்லாம் போட்டா இருக்குற இடமே தெரியாது. சிவப்பு, க்ரீம் மாதிரி கலர்ல போட்டா கறை தான், அங்க வேண்டாம்.

சரி எபாக்சி. ரெண்டு ட்யூப், சரிசமமா பிழிஞ்சு கலக்குறது. இதுல அஞ்சு நிமிஷத்துல இறுகுறத விட்டுட்டு ஒரு நாள் எடுக்குற ஸ்லோ வகைய வாங்குங்க, அரால்டைட் ஸ்டாண்டர்ட் மாதிரி. அஞ்சு நிமிஷ எபாக்சிய நீங்க கலக்கி ஊசில எடுத்து குனிஞ்சு இடத்த கண்டுபிடிக்கிறதுக்குள்ள நூல் நூலா இழுக்க ஆரம்பிச்சிரும், பலமும் ஸ்லோ வகைய விட கம்மி, நாள்பட மஞ்சளாகுறதும் உண்டு. ஸ்லோ எபாக்சி தேன் பதத்துல ரொம்ப நேரம் இருக்கும், ட்யூப கொஞ்சம் வெதுவெதுன்னு பண்ணிட்டு கலந்தா இன்னும் தண்ணியா ஓடி ஓட்டைக்குள்ள தானா இறங்கும். ஜேபி வெல்ட் ஒரிஜினல் இரும்புத்தூள் கலந்த எபாக்சி, 4ல இருந்து 6 மணி நேரத்துல செட் ஆகும், முழுசா இறுக 15ல இருந்து 24 மணி நேரம், கருஞ்சாம்பல் கலர், கெட்டியா நிக்கும், கப்ளர் பாக்ஸ், உள்பக்க ப்ராக்கெட் மாதிரி வெளிய தெரியாத பெரிய ஜாயின்ட்டுக்கு பிரமாதம், ஹேண்ட்ரெயில் சைஸுக்கு அது ரொம்ப கெட்டி.

எபாக்சியையும் சும்மா பெயின்ட் மேல வச்சு ஒட்டினா மேல சொன்ன அதே கதை தான், பெயின்ட்டோட வரும். அதனால இங்க ஓட்டை போட்டு தான் வேலை. எச்ஓ ஸ்கேல்ல (நிஜ ரயில்ல 87ல ஒரு பங்கு சைஸ்) ஒரு ஹேண்ட்ரெயில் கம்பி பொதுவா 0.3, 0.4 மில்லிமீட்டர் இருக்கும். 0.3 கம்பியோட நுனிய மட்டும் வச்சு ஒட்டினா பசைக்கு கிடைக்கிற பரப்பு 0.07 சதுர மில்லிமீட்டர் தான். அதே கம்பிய ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு உள்ள இறக்கினா சுத்தி இருக்குற பரப்பு 1.4 சதுர மில்லிமீட்டர், அதாவது 20 மடங்கு, அதுவும் வெறும் மெட்டல் மேல, பெயின்ட் நடுவுல இல்ல. செவுத்துல ஒண்ண ஒட்டி வைக்கிறதுக்கும் ஆணி அடிச்சு மாட்டுறதுக்கும் இருக்குற வித்தியாசம் இது, பசையோட பிராண்ட் மாத்தி இந்த 20 மடங்க எங்கயும் வாங்க முடியாது. தகடு மெல்லிசா இருந்து அவ்வளவு ஆழம் கிடைக்கலன்னா ஓட்டை அந்தப் பக்கம் போகட்டும், உள்பக்கம் கம்பி நுனிய சுத்தி ஒரு துளி எபாக்சி வச்சா போதும், வெளிய ஒண்ணுமே தெரியாது.

0.3 கம்பிக்கு 0.35 ட்ரில் பிட், நம்பர் கணக்குல 80ம் நம்பர் கிட்டத்தட்ட 0.34, அது சரியா இருக்கும். பின் வைஸ்னு சொல்ற கைல சுத்துற குட்டி ட்ரில் தான் போடணும், மோட்டார் வேண்டாம். கார்பைட் பிட் கூர்மையா இருக்கும், ஆனா கை லேசா பக்கவாட்டுல சாஞ்சா பட்னு ஒடிஞ்சு ஓட்டைக்குள்ளயே மாட்டிக்கும், கைல சுத்துறதுக்கு எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் தான் பொறுமையா வளைஞ்சு குடுக்கும். முதல்ல கூரான ஊசியால ஒரு புள்ளி குத்திட்டு ஆரம்பிச்சா பிட் பெயின்ட் மேல வழுக்கி கோடு போடாது. கொஞ்சம் சுத்தி, வெளிய எடுத்து, பொடிய தட்டி, மறுபடி. விழுந்த பார்ட்டோட பழைய பின் ஒடிஞ்சு உள்ளயே நிக்கும் பாருங்க, அத ட்ரில் பண்ணி எடுக்குறது தான் இதுல ரொம்ப பொறுமை கேக்குற வேலை, பல நேரம் பழைய ஓட்டைய விட்டுட்டு உள்பக்கமா ஒரு அரை மில்லிமீட்டர் தள்ளிப் புது ஓட்டை போடுறது நல்லது.

எந்த மெட்டல்ங்குறதும் கொஞ்சம் பாக்கணும். ஜப்பான், கொரியால செஞ்ச கைவேலை மாடல் எல்லாம் பித்தளை, சால்டர் பண்ணி, அதாவது சீக்கிரம் உருகுற மெட்டல சூடு பண்ணி ஊத்தி சேர்த்தது. மெர்க்லின், பழைய ஹார்ன்பி டப்லோ மாதிரி அச்சுல வார்த்த மாடல் சாமாக் அல்லது மாசாக்னு சொல்ற துத்தநாகக் கலவை, அதுல அலுமினியம் ஒரு 4 சதவீதம் இருக்கும். கிட் மாடல்ல வர்ற குட்டி பார்ட் பல நேரம் ஒயிட் மெட்டல், கம்மி சூட்டுலயே உருகுற கலவை, ரொம்ப மெத்து. சாமாக்ல பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு, அந்தக் காலத்துல கலவைல ஈயம் கொஞ்சம் கலந்து போனதால மெட்டல் உள்ளுக்குள்ளயே அரிச்சு ஊதி வெடிப்பு விடும், ரெண்டாம் உலகப் போருக்கு முந்தின மாடல்ல இது நிறைய. பார்ட் ஒடிஞ்ச இடத்துல சாம்பல் கலர்ல பொடிப்பொடியா உதிர்ந்தா, பெயின்ட் மேல வலை மாதிரி வெடிப்பு தெரிஞ்சா அங்க ஓட்டை போடவே போடாதீங்க, எந்த பசையும் அத காப்பாத்தாது, கேனோபி க்ளூ வச்சு மெதுவா உக்கார வச்சு அலமாரில வைக்கிறது தான் அதுக்கு மரியாதை.

பித்தளைன்னா சால்டர் பண்ணியே சேர்த்துடலாமேன்னு கேப்பீங்க. பெயின்ட் அடிக்காத மாடல்னா கண்டிப்பா அது தான் சரி. பெயின்ட் அடிச்சப்புறம் அந்தப் பக்கம் போகாதீங்க, 63/37 சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) உருகவே 183 டிகிரி செல்சியஸ் வேணும், பித்தளை சூட்ட நல்லா கடத்துற மெட்டல், ஒரு ஹேண்ட்ரெயில் ஒட்டுறதுக்குள்ள சுத்தி இருக்குற பெயின்ட் கொப்பளிச்சுரும், பக்கத்துல இருக்குற வேற பார்ட்டோட சால்டர் இளகி அதுவும் விழ வாய்ப்பிருக்கு. 70 டிகிரில உருகுற சால்டர் இருக்கு, அது ஒயிட் மெட்டலுக்கு வந்தது, பித்தளைல நேரா பிடிக்காது, முதல்ல சாதா சால்டர பூசிட்டு தான் அத போடணும், அப்ப மறுபடி அதே சூடு. சால்டர் பிடிக்கிறதுக்காகத் தடவுற ஃப்ளக்ஸ்ல இருக்குற ஆசிட் வேற பெயின்ட்ட தின்னும்.

யூவி பசை, அதான் நீல லைட் அடிச்சா நொடில இறுகுறது, அத பத்தி நிறைய பேர் ஆசையா பேசுறாங்க. லைட் படுற இடம் மட்டும் தான் இறுகும், மெட்டலுக்கும் மெட்டலுக்கும் நடுவுல லைட் எப்படி போகும்? ஓரத்துல ஒரு வளையம் மாதிரி இறுகி நிக்கும், உள்ள பச்சையாவே இருக்கும். மார்க்கர் லைட்டுக்கு லென்ஸ் வைக்க மட்டும் சூப்பர், மத்ததுக்கு வேண்டாம். ரப்பர் சால்வென்ட் வாசனை அடிக்கிற கான்டாக்ட் பசை எல்லாம் நூல் இழுக்கும், சால்வென்ட் பெயின்ட்ட இளக்கும், அதையும் விட்டுடலாம்.

ஒட்டுறதுக்கு முன்னாடி க்ளீன் பண்றதுல ஒரு எச்சரிக்கை. எல்லாரும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல தொடைங்கன்னு சொல்வாங்க, வெறும் மெட்டலுக்கு அது சரி, ஆனா மாடல்ல இருந்து பெயின்ட்ட உரிக்கவே அதத்தான் பயன்படுத்துறாங்க, அக்ரிலிக் பெயின்ட் அதுல இளகிரும். பெயின்ட் மேல இருக்குற எண்ணெய், கைரேகைய எடுக்க லைட்டர்ல ஊத்துற நாப்தா தான் பாதுகாப்பு, நல்லா காஞ்ச பெயின்ட்ட அது பொதுவா தொடாது, இருந்தாலும் அடிப்பக்கம் மறைவா ஒரு இடத்துல பட்ஸ்ல தொட்டு பார்த்துட்டு செய்ங்க, பக்கத்துல நெருப்பு எதுவும் வேண்டாம். விழுந்த பார்ட்டோட அடில பழைய பசையும் பெயின்ட் சில்லும் ஒட்டியிருந்தா கத்தி நுனியால சுரண்டி எடுத்துடுங்க, பாடி பக்கம் சுரண்டாதீங்க, பார்ட் பக்கம் மட்டும். அது போதும்.

விழுந்த பார்ட்டே கிடைக்கலன்னா, பித்தளைய காந்தம் பிடிக்காது, அதனால வாக்குவம் க்ளீனர் குழாய் வாய்ல பழைய நைலான் ஸ்டாக்கிங்க இழுத்து கட்டி தரையெல்லாம் இழுத்துப் பாருங்க, துணில வந்து ஒட்டி நிக்கும். தேடி முடிக்கிற வரைக்கும் யாரையும் அந்த ரூம்ல நடக்க விடாதீங்க.

டச்அப் பெயின்ட் பசை முழுசா காஞ்சப்புறம் தான், ப்ரஷ்ஷ விட டூத்பிக் நுனி நல்லது. கேனோபி க்ளூ காஞ்சா லேசா பளபளக்கும், மேட் பெயின்ட் அடிச்ச மாடல்ல அந்தப் பளபளப்பு ஒரு புள்ளியா தெரியும், அதே கலர் கையில இல்லன்னாலும் மேட் வார்னிஷ் ஒரு தொடு தொட்டா மறைஞ்சுரும்.

மார்க் போடணும்னா பெயின்ட் அடிச்ச மெட்டல் மாடல்ல லோடு இல்லாத பார்ட்டுக்கு கேனோபி க்ளூவுக்கு பத்துக்கு ஒன்பது குடுப்பேன், பொறுமை இல்லாதவங்க ஏழு குடுப்பாங்க, காயுற நேரம் தான் காரணம். சாதா சூப்பர் க்ளூவுக்கு இந்த வேலைல நாலுக்கு மேல குடுக்க மனசு வராது, கறுப்பு ரப்பர் வகைக்கு ஏழு. பின் வச்ச ஸ்லோ எபாக்சிக்கு பத்துக்குப் பத்து, ஆனா அந்த மார்க்ல பாதி பின்னுக்குத் தான் சேரணும்.

வாங்கும்போது கேனோபி க்ளூல இருக்குறதுலயே சின்ன பாட்டிலா பார்த்து வாங்குங்க, ஒரு மாடலுக்கு ஊசி முனை அளவு தான் செலவாகும், பெரிய பாட்டில் தீர்றதுக்குள்ள கெட்டியாயிரும். உறையுற குளிர்ல வைக்காதீங்க, தண்ணில கலந்த பசை ஒரு தடவ உறைஞ்சா தயிர் மாதிரி திரிஞ்சு போயிரும், அப்புறம் ஒட்டாது. மூடுறதுக்கு முன்னாடி நாசில ஈரத்துணில தொடைச்சுட்டு, வாய்ல ஒரு பித்தளைக் கம்பியோ ஸ்டெய்ன்லெஸ் பின்னோ சொருகி வைங்க, இரும்புக் குண்டூசி போட்டா துருவெல்லாம் பசைல இறங்கும்.